கோத்தகிரியில் வளர்ந்த தன்பாலீர்ப்பாளர் நான். வீட்டில் பெண் பார்க்கிறார்கள். கனடா போக முதலில் என்ன செய்வது?

பாஸ்போர்ட் எடுங்கள். கட்டணம் 1,500 ரூபாய். ஆனால் சரிபார்ப்புக்குப் போலீஸ் வீட்டுக்கே வரலாம். சின்ன ஊரில் அன்று மாலையே தெருவுக்குத் தெரிந்துவிடும். மேல்படிப்புக்கு என்று வீட்டில் முன்பே சொல்லி வையுங்கள். மூலச் சான்றிதழ்கள் உங்கள் கையில் இருக்கட்டும். அப்பாவின் பீரோவில் பூட்டியிருந்தால் எல்லாம் அங்கேயே நின்றுவிடும்.

வற்புறுத்தலுக்காகத் தாலி மட்டும் கட்டாதீர்கள். ஒரு பெண்ணின் வாழ்க்கையும் அதில் சிக்கும். விசா படிவத்தில் மனைவியை மறைத்தால், பொய்த் தகவல் என்று 5 ஆண்டு தடை வரலாம். கனடாவில் தன்பால் திருமணம் 2005 முதல் செல்லும். மணமாகாமல் 12 மாதம் தொடர்ந்து சேர்ந்து வாழ்ந்தவரையும் துணையாகக் காட்டலாம்.

'குணப்படுத்த' டாக்டரிடம் இழுத்தால் மறுத்துவிடுங்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் அதைத் தடை செய்திருக்கிறது. அந்த உத்தரவின் நகல் கைபேசியில் இருக்கட்டும்.