ராஸ்ப்பெரி பையில் வீட்டு நூலகம்: எந்த சர்வர் மென்பொருள்?

கேள்வி: ராஸ்ப்பெரி பை 3 என்ற கையளவு கணினி ஒன்று வீட்டில் சும்மா கிடக்கிறது. லேப்டாப்பில் காலிபர் என்ற மின்நூல் மேலாண்மை மென்பொருளைப் போட்டு ஏறக்குறைய 2000 மின்நூல்கள் சேர்த்திருக்கிறேன். பெரும்பாலும் மதுரைத் திட்டத்தின் இலவச இணைய நூலகத்தில் இறக்கிய தமிழ் நூல்கள். நான் போனில் கோரீடர் செயலியில் படிக்கிறேன், மனைவியிடம் கிண்டில் இருக்கிறது. இருவரும் நூல்களைப் பையிலிருந்தே எடுத்துக்கொள்ள கோம்கா, கவிட்டா, காலிபர்-வெப் என்று ஆளுக்கொரு சர்வர் மென்பொருளைச் சொல்கிறார்கள். எதைப் போடலாம்? புதிதாக ஏதாவது வாங்க வேண்டுமா?
- வாசகர், திருச்சி

பதில்: எதுவும் வாங்காதீர்கள். 2000 ஈபப் (மின்நூல் வடிவம்) கோப்புகள் சில ஜிபிக்குள் அடங்கிவிடும். அதற்குப் போய் நாஸ் பெட்டி (வீட்டு நெட்வொர்க்கில் கோப்புகளைச் சேமிக்கும் கருவி) எதற்கு?

உங்கள் பையில் ரேம் 1 ஜிபிதான். கோம்கா ஜாவாவில் ஓடுவது, அதற்கே நினைவகத்தில் பெரும்பகுதி போய்விடும். கவிட்டா நல்ல மென்பொருள், ஆனால் மாங்கா, காமிக்ஸ் படிப்பவர்களுக்குத்தான் அதன் முழுப் பயன். அதைவிட முக்கியம், இரண்டுமே காலிபரின் பட்டியலைத் தொடாமல் கோப்புகளைத் தாங்களே துழாவிப் பட்டியல் போடும். நீங்கள் உட்கார்ந்து திருத்திய தலைப்பு, ஆசிரியர் பெயரெல்லாம் காலிபரின் மெட்டாடேட்டா.டிபி கோப்பில் இருக்கிறது. தமிழ்த் தலைப்புகளை காலிபர் ஆங்கில எழுத்தில் உருக்குலைத்துத்தான் ஃபோல்டர்களுக்குப் பெயர் வைக்கும் என்பதால், அந்தக் கோப்பைப் படிக்கிற மென்பொருள்தான் உங்களுக்கு ஒத்துவரும்.

ஆகவே காலிபர்-வெப். பைதானில் எழுதியது, 1 ஜிபியில் வீட்டாருக்குத் தாராளமாக ஓடும். அதன் ஓபிடிஎஸ் முகவரியை (நூல் பட்டியலைப் படிக்கும் செயலிகளுக்குத் தரும் முகவரி) கோரீடரில் கொடுத்தால் அங்கிருந்தே தேடி இறக்கலாம். கிண்டிலுக்கு மின்னஞ்சலில் அனுப்பும். அனுப்பும் முகவரியை மட்டும் அமேசான் கணக்கில் அனுமதித்து வையுங்கள். 2022 முதல் அந்த வழியில் ஈபப்பே போகிறது, கிண்டிலின் பழைய வடிவமான மோபியாக மாற்ற வேண்டியதில்லை. இன்னும் எளிமையானது வேண்டுமென்றால் காப்ஸ் என்ற சர்வர் மென்பொருளும் இருக்கிறது. அது பிஹெச்பியில் ஓடும், அதே மெட்டாடேட்டா.டிபி கோப்பைப் படித்துக் காட்டும்.

லேப்டாப்பில் உள்ளதை மூலமாக வைத்துக்கொண்டு, ஃபோல்டரை ஆர்சிங்க், சிங்திங் போன்ற நகலெடுக்கும் மென்பொருளில் ராஸ்ப்பெரி பைக்கு ஒருவழியாக நகலெடுங்கள். நூலகத்தைப் பையில் வைத்து நெட்வொர்க் வழியாக காலிபரில் திறக்கிற வேலை மட்டும் வேண்டாம்; டேட்டாபேஸ் கெட்டுப்போக வாய்ப்புண்டு, காலிபர்காரர்களே எச்சரிக்கிறார்கள். காலிபர்-வெப்பில் அப்லோடையும் திறந்துவிடாதீர்கள், அங்கே ஏற்றியது அடுத்த நகலில் அடிபட்டுப் போகும்.

நிறுவியதும் பாஸ்வேர்டை மாற்றுங்கள். அட்மின், அட்மின்123 என்பது ஊருக்கே தெரியும். வெளியூரிலிருந்து படிக்க ரவுட்டரில் போர்ட் திறக்காமல், உங்கள் கருவிகளை மட்டும் தனி வலையமைப்பாக இணைக்கும் டெயில்ஸ்கேல் போட்டுக்கொள்ளுங்கள். சொந்த உபயோகத்துக்கு அது இலவசம்.