85 வரிகளில் 70

மதிப்பிற்குரிய ஐயா,

நியூஜெர்சியில் மருந்துக் கடையொன்றில் வேலை பார்க்கிறேன். ஜனநாயகக் கட்சியின் 2020 அதிபர் வேட்பாளர் போட்டியில் நான் செனட்டர் பெர்னி சாண்டர்ஸ் பக்கம். மாதாமாதம் 27 டாலர் அனுப்பினேன். கணவர் இன்னொரு செனட்டரான எலிசபெத் வாரன் பக்கம். கடைசி நேரத்தில் வாரனுக்காக ஒரு சூப்பர் பிஏசி (வேட்பாளர் கையில் தராமல் அவருக்காக அளவின்றிச் செலவிடும் தனிக்குழு) பணத்தை இறைத்தபோது அவர் அதைத் தடுக்கவில்லை. அந்தச் சண்டை எங்கள் வீட்டில் இன்னும் ஓயவில்லை. இனி, பெருநிறுவன நிதிக்குழுக்களின் பணத்தை வாங்கமாட்டேன் என்று உறுதி தருபவருக்கு மட்டுமே வாக்கு என்று முடிவெடுத்திருக்கிறேன். சரிதானே?

மாலதி

அன்புள்ள மாலதி,

அந்த 27 டாலருக்காக ஒருநாளும் வருந்தாதீர்கள். பணக்காரர் வீட்டு விருந்துகளை நம்பாமலும் ஒருவர் நாடு முழுக்கப் பிரச்சாரம் செய்ய முடியும் என்று காட்டியது உங்களைப் போன்றவர்கள் அனுப்பிய சில்லறைதான். சாண்டர்ஸா வாரனா என்பதை உங்கள் சாப்பாட்டு மேசையிலேயே தீர்த்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் கோபம் வந்தது உங்கள் முடிவைப் படித்துத்தான். இவ்வளவு மலிவான உறுதிமொழியிலா மயங்குவது? நிறுவனங்கள் வேட்பாளருக்கு நேரடியாகப் பணம் தருவதை அமெரிக்கா 1907-லேயே தடைசெய்துவிட்டது. அவற்றின் ஊழியர்களிடம் பணம் திரட்டும் நிதிக்குழுக்கள் ஒரு வேட்பாளருக்குத் தேர்தலொன்றுக்கு 5,000 டாலர்தான் தரலாம். அதிபர் தேர்தல் செலவில் அது எந்த மூலைக்கு? தனிக்குழுக்கள் வழியாக அளவின்றிச் செலவிடலாம் என்ற 2010 நீதிமன்றத் தீர்ப்புகளுக்குப் பிறகு பெரும்பணம் வேட்பாளரின் கைபடாமல் வேறு வாசலால் வருகிறது. பாகற்காய் பிடிக்காதவர் காசிக்குப் போய்ப் பாகற்காயை விட்டுவிட்டு வந்த தியாகம் இது.

2008-இல் ஒபாமாவும் இதே விரதம் இருந்தவர்தான். நிதிக்குழுப் பணமும் வேண்டாம், நிறுவனங்களுக்காக அரசிடம் பரிந்து பேசும் லாபியிஸ்டுகளின் பணமும் வேண்டாம் என்றார். தேர்தலுக்கு ஒரு மாதம் முன்பே அவருடைய குழுவுக்கு அமைச்சரவைக்கான பெயர்ப் பட்டியல்கள் போயின. அனுப்பியவர் மைக்கேல் ஃப்ரோமன். அப்போது அவர் சிட்டிகுரூப் என்ற பெரிய வங்கியின் உயரதிகாரி. பின்னர் ஒபாமாவின் வர்த்தகப் பிரதிநிதி.

அதே சிட்டிகுரூப்பைப் பற்றிச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள். 2008 சரிவில் அரசு 4,500 கோடி டாலர் கொடுத்துத் தூக்கி நிறுத்திய வங்கி அது. மக்களின் வைப்புத்தொகைக்கு அரசு காப்பீடு தரும் இடத்தில் உட்கார்ந்துகொண்டு ஆபத்தான டெரிவேட்டிவ் வணிகம் (வட்டி, விலை போன்றவற்றின் ஏற்ற இறக்கத்தின் மீது கட்டும் பந்தயம்) செய்யாதே, அதைத் தனி நிறுவனத்துக்குக் கொண்டுபோ என்று 2010-இல் சட்டம் வந்தது. அதைத் தளர்த்த 2013-இல் நாடாளுமன்றக் கீழவைக் குழுவில் ஒரு மசோதா. மொத்தம் 85 வரிகள். அவற்றில் 70-க்கும் மேற்பட்டவற்றில் சிட்டிகுரூப்பின் பரிந்துரைகள் இருந்ததை நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது. முக்கியமான இரண்டு பத்திகள் ஏறத்தாழ அப்படியே வங்கிகள் எழுதிக் கொடுத்தவை. உறுப்பினர்கள் அவற்றில் செய்த மாற்றம், இரண்டு சொற்களைப் பன்மையாக்கியது! மக்கள் பிரதிநிதிகளின் உழைப்பு அவ்வளவுதான்.

மசோதா அப்போது சட்டமாகவில்லை. ஆனால் 2014 டிசம்பரில், அரசின் செலவுகளுக்கான 1,600 பக்கத்துக்கும் மேற்பட்ட மசோதாவுக்குள் அந்த ஏற்பாடு நுழைந்துவிட்டது. எதிர்த்தால் அரசு அலுவலகங்கள் மூடப்படும் என்ற மிரட்டல். மேலவையான செனட்டில் எழுந்து நின்று சிட்டிகுரூப்பைப் பெயர் சொல்லிப் பேசியவர், நீங்கள் சூப்பர் பிஏசியைக் காட்டித் தள்ளிவைக்கும் வாரன்தான். தோற்றார். விரதம் இருந்த ஒபாமா கையெழுத்திட்டார்.

அதனால் வேட்பாளரிடம் யாருடைய பணத்தை மறுத்தாய் என்று கேட்காதீர்கள். நிதித்துறையில் யாரை உட்காரவைப்பாய், அவர் முன்பு எங்கே சம்பளம் வாங்கினார் என்று கேளுங்கள். துணைச் செயலர்கள் வரை கேளுங்கள். 2014-இல் லசார்ட் என்ற முதலீட்டு வங்கியின் அன்டோனியோ வைஸை நிதித்துறையின் உயர்பதவிக்கு ஒபாமா முன்மொழிந்தார். வாரன் விடாமல் எதிர்த்ததில் 2015 ஜனவரியில் வைஸ் விலகிக்கொண்டார். பிறகு செனட்டின் ஒப்புதல் தேவைப்படாத ஆலோசகர் பதவியில் அதே துறைக்குள் போய் உட்கார்ந்தார். ஆகவே ஆலோசகர்களையும் சேர்த்தே கேளுங்கள்.

அன்புடன்