சொம்பு நுழையாத கதவு

கேள்வி: நாங்கள் ஜாபர்கான்பேட்டையில் தரைத்தள வீட்டில் குடியிருக்கிறோம். அப்பா இறந்து மூன்று வருடம் ஆகிறது. போன மாதம் அவருடைய திதி. காலை ஏழு மணிக்கே தர்ப்பணத்தை முடித்து, மொட்டை மாடியில் காக்கைக்குச் சோறு வைத்தோம். எவ்வளவு கூப்பிட்டும் ஒரு காக்கைகூட வரவில்லை. ஒன்பதரைக்கு நானும் மனைவியும் ஆபீஸ் கிளம்பிவிட்டோம். மதியம் முன்பின் தெரியாத வயதான தம்பதி ஒன்று மஞ்சள் பையோடு வந்து, "14-ஆம் நம்பர், தாமோதரன் சார் வீடு இதுதானே?" என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறார்கள். தாமோதரன் என் அப்பா பெயர். எங்கள் வீட்டின் பழைய எண் 14. "அவர் போய்ச் சேர்ந்து மூணு வருஷம் ஆச்சே" என்று அம்மா சொன்னதும், "போன வாரம்கூட போன்ல பேசினாரே" என்றார்களாம். பிறகு தண்ணீர் கேட்டிருக்கிறார்கள். கிரில் பூட்டியிருந்ததால் சொம்பு கம்பிக்குள் நுழையவில்லை. அம்மா பாட்டிலில் ஊற்றிக் கொடுத்திருக்கிறார். வந்தவர் சட்டையில் ஒரு பித்தான் இல்லாதது வரை அம்மாவுக்கு ஞாபகம் இருக்கிறது. அன்றிலிருந்து தினமும் மதியம் கிரில் ஓரம் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறார். எங்களுக்குப் பயமாக இருக்கிறது. வந்தது யார்? பரிகாரம் ஏதாவது செய்ய வேண்டுமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சென்னை

பதில்: தம்பி, செத்தவர் வாசலுக்கு வந்தார் என்று மாதம் ஒரு கடிதமாவது எனக்கு வந்துவிடும். ஆடி மாதமென்றால் இரண்டு. அதனால் மர்மத்தை முதலில் முடித்துவிடுகிறேன், அதற்கு அதிக நேரம் ஆகாது.

சென்னையின் பழைய தெருக்களில் வீட்டுக்கு இரண்டு எண். மாநகராட்சி புது எண் கொடுத்தது, ஜனங்கள் பழையதை விடவில்லை. கூரியர் பையன்கள் தினமும் இதில்தான் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். உங்கள் வீடு பழைய 14 என்றால், அதே தெருவில் புது 14 என்று வேறொரு வீடு இருக்கும். அங்கே உயிரோடு ஒரு தாமோதரன் இருக்கலாம். அந்தத் தலைமுறையில் அது என்ன அபூர்வமான பெயரா? திதியன்று பார்த்து வந்தார்களே என்பீர்கள். ஓர் அறையில் 23 பேர் இருந்தால், அதில் யாரோ இரண்டு பேருக்குப் பிறந்தநாள் ஒன்றாக இருக்க பாதிக்கு மேல் வாய்ப்பு உண்டு. நாள் பொருந்துவது நாம் நினைக்கிற அளவுக்கு அரிதில்லை. இதே தம்பதி முந்தின நாள் வந்திருந்தால், அட்ரஸ் மாறி வந்துவிட்டார்கள் என்று ராத்திரி சாப்பாட்டோடு மறந்திருப்பீர்கள். ஒரு மாதமாகப் பயப்படுகிறீர்களே, புது 14 வரை ஒரு நடை போய்ப் பார்த்தீர்களா? அது கடிதத்தில் இல்லை.

சரி. போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "கிரில் பூட்டியிருந்ததால் சொம்பு நுழையவில்லை." யார் பூட்டியது?

சாவி அம்மாவிடம் இருந்தால் திறந்திருப்பார். அந்நியர் என்று பயந்திருந்தால் தண்ணீரே கொடுத்திருக்க மாட்டார். ஆக, சாவி உங்கள் பையில், பை உங்கள் ஆபீஸில். வயதான அம்மா சொம்பைக் கம்பிக்கு நடுவே சாய்த்துப் பார்த்து, திருப்பிப் பார்த்து, பாதித் தண்ணீர் சிந்தி, பிறகு உள்ளே போய் பாட்டில் தேடியிருக்கிறார். தன் வாசலில் நின்றுகொண்டு, தாகம் என்று வந்தவருக்குக் கம்பி வழியாகப் பாட்டில் நீட்ட வேண்டிய நிலை. உங்கள் அப்பா இருந்தபோது அந்தக் கதவு இப்படியா இருந்தது?

அதுவும் எந்த நாளில்? கணவரின் திதியன்று. இரண்டு பேர் சம்பாதிக்கிற வீட்டில் ஒருவருக்குக்கூட அரை நாள் லீவு கிடைக்கவில்லை. சாஸ்திரப்படி எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு, அவர் மனைவியை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டு போயிருக்கிறீர்கள். வந்தது உங்கள் அப்பாவேதான் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். மூன்று வருடம் கழித்து வந்தவர் அதைப் பார்த்துவிட்டுத்தான் போயிருக்கிறார். பரிகாரத்தை எந்தக் கோயிலில் செய்யப் போகிறீர்கள்?

"பாதுகாப்புக்காகத்தான் பூட்டுகிறோம்" என்பீர்கள். எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். ஜாபர்கான்பேட்டையில் இருந்துகொண்டு அதைச் சொல்லாதீர்கள். 2015 டிசம்பர் 1 இரவு அடையாறு ஏறி வந்தபோது உங்கள் பகுதித் தரைத்தளங்கள் என்ன ஆயின என்று பக்கத்தில் யாரையாவது கேளுங்கள். கிடைத்ததை எடுத்துக்கொண்டு மேல் மாடிக்கு ஓடினார்கள், முன்பின் தெரியாதவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். மீனவர்கள் படகு கொண்டுவந்து ஆட்களை மீட்டார்கள். அதே தண்ணீர் ஒரு பகல் வேளையில் வந்தால் உங்கள் அம்மா எப்படி வெளியே வருவார்? வெள்ளத்தை விடுங்கள். கேஸ் கசிந்தால்? நெஞ்சு வலித்தால்? பக்கத்து வீட்டுக்காரர் கம்பியைப் பிடித்துக்கொண்டு உங்களுக்கு போன் போடுவார். நீங்கள் மவுண்ட் ரோட்டில் சிக்னலில் நிற்பீர்கள்.

மறதி இருக்கிறவர் என்றால் வேறு பேச்சு. அப்போதும் கூட ஓர் ஆள் வேண்டும், பூட்டு அல்ல. உங்கள் அம்மாவுக்கோ முன்பின் தெரியாதவர் சட்டையில் அறுந்த பித்தான் வரை ஞாபகம் இருக்கிறது.

பேய்க்குப் பயந்தவர் கிரில் ஓரம் நாற்காலி போட மாட்டார். "எதுக்கும்மா இங்க உக்காந்திருக்கே?" என்று அவரிடமே கேட்டிருக்கலாம். அதைக் கேட்காமல் என்னைக் கேட்கிறீர்கள். போன மாதம் பகல் பொழுதில் அவரிடம் நின்று பேசியவர்கள், நமக்குத் தெரிந்து அந்த இரண்டு பேர்தான். அவர்கள் திரும்பி வருவார்களா என்று பார்க்கிறாராக இருக்கும்.

தெருமுனையில் சாவி போடுகிறவரிடம் இன்றைக்கே இரண்டு சாவி போடுங்கள். ஒன்று அம்மாவின் இடுப்பில், இன்னொன்று எதிர்வீட்டில். பூட்டு உள்பக்கம் தொங்கட்டும். மரக்கதவில் வெளியே பார்க்கிற லென்ஸும் சங்கிலியும் வையுங்கள். யாரைத் திறந்து உள்ளே விடுவது என்பதை அம்மா முடிவு செய்வார், உங்களை வளர்த்தவருக்கு அது தெரியும். முதியோருக்கான உதவி எண் 14567, இலவசம். அதைப் பெரிய எழுத்தில் எழுதி போன் பக்கத்தில் ஒட்டுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு புது 14-க்குப் போய், அந்த மஞ்சள் பைத் தம்பதி யார் வீட்டு விருந்தாளி என்று விசாரியுங்கள். கிளம்பும்போது வீட்டை அம்மா பூட்டட்டும்.