வியூ கேமராவுக்கு எத்தனை மடங்கு லூப்?

கேள்வி: பழைய 4க்கு 5 அங்குல வியூ கேமரா வாங்கி, ஏற்காட்டில் படம் எடுத்துப் பழகிக்கொண்டிருக்கிறேன். கேமராவின் பின்னால் பிம்பம் விழும் தேய்த்த கண்ணாடியில் ஃபோகஸ் பார்க்க, எங்கள் வெள்ளிப் பட்டறையின் 10 மடங்கு லூப்பைத்தான் (சிறிய உருப்பெருக்கி) வைக்கிறேன். காட்சியைவிடக் கண்ணாடியின் சொரசொரப்புதான் பெரிதாகத் தெரிகிறது. இன்னும் சக்திவாய்ந்த லூப் வாங்கலாமா?
– வாசகர், செவ்வாய்ப்பேட்டை, சேலம்

பதில்: வேண்டாம், குறைத்து வாங்குங்கள். 4 மடங்கு போதும், மிஞ்சிப்போனால் 6. கொலுசில் பற்றவைத்த இடத்தைப் பார்க்க 10 சரி, அங்கே நீங்கள் பார்ப்பது உலோகத்தை. இங்கே பிம்பம் விழுவதே தேய்த்த கண்ணாடியின் பொடிப்பரப்பில்தான், ஓர் அளவுக்கு மேல் பெரிதாக்கினால் அந்தப் பொடிதான் பெரிதாகும், விவரம் கூடாது. பிம்பத்தை வெளிச்சமாகக் காட்ட வைக்கும் ஃப்ரெனெல் தகடு இருந்தால் அதன் வளையங்களும் சேர்ந்து தொல்லை கொடுக்கும். 4க்கு 5 நெகட்டிவை 16க்கு 20 அங்குலப் பிரிண்ட் போட்டால் அது 4 மடங்குதானே? அந்தப் பிரிண்டைக் கையில் வைத்துப் பார்க்கும்போது எவ்வளவு தெரியுமோ அவ்வளவை 4 மடங்கு லூப் அங்கேயே காட்டிவிடும்.

மடங்கைவிட முக்கியம், லூப்பில் திருகி ஃபோகஸ் மாற்றும் வசதி. பிம்பம் விழுவது லென்ஸ் பக்கம் இருக்கும் தேய்த்த முகத்தில், நீங்கள் பார்ப்பதோ இந்தப் பக்கமிருந்து, கண்ணாடியின் கனத்தைத் தாண்டி. அதனால் முதலில் கேமராவின் ஃபோகஸை வேண்டுமென்றே கலைத்துவிட்டு, பொடி துல்லியமாகத் தெரியும்வரை லூப்பைத் திருகி வையுங்கள். மூக்குக்கண்ணாடி போடுபவர் என்றால் இதை விட்டுவிடவே கூடாது.

ஏற்காட்டில் மூடுபனி இறங்கிவிட்டால் பிம்பம் மங்கிப்போகும், அப்போது இலைக்கூட்டத்தைப் பார்த்துக் கண்ணை நோகடிக்காமல் சில்வர் ஓக் மரத்தின் பட்டை வெடிப்பையோ, அதில் ஏறியிருக்கும் மிளகுக்கொடியின் இலை விளிம்பையோ பிடியுங்கள். லென்ஸை முழுவதும் திறந்து, கருப்புத் துணிக்குள் போய், ஃபோகஸை முன்னும் பின்னும் கொஞ்சம் தாண்டவிட்டு நடுவில் நிறுத்துங்கள். அப்புறம் லென்ஸின் துளையை f/22க்கு மூடிக்கொள்ளலாம். 90 மி.மீ. மாதிரி வைட் லென்ஸில் மூலை இருட்டாக இருந்தால், லூப்பின் கண் வைக்கும் பக்கத்தை வெளிப்புறமாகக் கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள், அங்கே ஒளி சாய்வாக வருவதால் அப்போதுதான் கண்ணுக்கு வந்து சேரும். அடி அகலமான லூப்பைச் சாய்க்க முடியாது, வாங்கும்போதே அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

10 மடங்கு லூப்பைத் தூக்கிப் போட வேண்டாம், நெகட்டிவ் கழுவிக் காய்ந்த பிறகு லைட் பாக்ஸில் வைத்து ஃபோகஸ் எங்கே விழுந்தது என்று சோதிக்க அதுதான் நல்லது.