பாலத்தில் 'டக் டக்', ஊர்ந்தால் உதறல்

அண்ணே, ஒன்றரை வருடச் செடான், பாம்பன் பாலத்து இணைப்புகளில் முன்பக்கம் 'டக் டக்', ராமேஸ்வரம் நெரிசலில் ஊர்ந்தால் டூயல் கிளட்ச் (இரண்டு கிளட்ச் உள்ள ஆட்டோமேட்டிக்) கியர் உதறுகிறது, சர்வீஸில் "இந்த மாடலே அப்படித்தான்" என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். இரண்டும் வேறு வேறு நோய்.

சின்ன மேடுகளில் மட்டும் சத்தம் என்றால் என் முதல் சந்தேகம் ஸ்டெபிலைசர் லிங்க், அதாவது வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் கம்பியைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் சின்னத் தண்டு. சக்கரம் தரையில் இருக்கும்போதே அதைக் கையால் ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். வண்டியைத் தூக்கிவிட்டால் சில சமயம் ஆட்டம் தெரியாது. ஸ்டியரிங் திருப்பும்போதும் சத்தம் வந்தால் ஸ்ட்ரட் மவுண்ட்டை (முன் ஷாக் அப்சார்பரின் மேல்முனையை பாடியோடு பிடிக்கும் தாங்கி) பார்க்கணும். லிங்க்கின் ரப்பர் உறை கிழிந்திருக்கிறதா என்றும் கவனியுங்கள். நம்ம பக்கத்து உப்பும் மணலும் உள்ளே போனால் சீக்கிரம் தின்றுவிடும். தனுஷ்கோடி போய் வந்தால் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் அடித்துக் கழுவுவது நல்லது.

அப்புறம் கியர். ட்ரை கிளட்ச் (எண்ணெயில் முங்காத கிளட்ச்) என்றால், பிரேக்கைப் பாதி விட்டு ஊர்வதுதான் அதற்கு ஆகாது, சூடேறிவிடும். முன்னால் இடைவெளி விட்டு, நகர்ந்து, முழுசாக நிறுத்துங்கள். அப்படியும் உதறினால் சாஃப்ட்வேர் அப்டேட், கிளட்ச் அடாப்டேஷன் (கிளட்ச் பிடிக்கும் இடத்தை வண்டியின் கம்ப்யூட்டருக்கு மறுபடி கற்றுக்கொடுப்பது) இரண்டையும் கேளுங்கள்.

டெக்னீஷியனைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிக் காட்டுங்கள். வாரண்டி முடிவதற்குள் இரண்டு புகாரும் ஜாப் கார்டில் (சர்வீஸில் எழுதும் வேலைச் சீட்டு) தனித்தனியாக ஏறியாகணும்.