தோட்டத்தில் ஓக் வைக்கலாமா?

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் வேலூர் பக்கம் கம்மவான்பேட்டை. மகன் ராணுவத்தில், இப்போது உத்தரகாண்ட் மலையில் உள்ள ராணிகேத்தில் இருக்கிறான். தை மாத விடுப்பில் வந்தவன், அங்கே காட்டில் பொறுக்கிய ஓக் கொட்டைகளை ஒரு துணிப்பையில் கொண்டுவந்தான். வீட்டுக்குப் பின்னால் எட்டு சென்ட் சும்மா கிடக்கிறது. பேரப்பிள்ளைகள் காலத்திலும் நிற்கிற மரமாக இதையே வைக்க ஆசை. “ஏற்காட்டில் சில்வர் ஓக் வளரவில்லையா, இங்கேயும் வளரும்” என்கிறார் நர்சரிக்காரர். வளருமா? எப்படிப் பராமரிப்பது?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முளைக்கும். மரமாகும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.

நர்சரிக்காரர் சொல்வதை விட்டுவிடுங்கள். சில்வர் ஓக் ஆஸ்திரேலிய மரம், காபித் தோட்டத்து நிழலுக்காக வந்தது. ஓக் குடும்பத்துக்கும் அதற்கும் உறவே கிடையாது. உங்கள் மகன் கொண்டுவந்தது பெரும்பாலும் ‘பாஞ்ச்’ என்ற இமயமலை ஓக் வகையாக இருக்கும். இலையின் அடிப்பக்கம் சாம்பல் வெள்ளையாக இருந்ததா என்று கேளுங்கள். ராணிகேத் இருக்கிற குமாவூன் மலையில் மாட்டுக்குத் தழையும் அடுப்புக்கு விறகும் கொடுக்கிற மரம் அது. ஏறக்குறைய 1,200 மீட்டருக்கு மேலே, குளிர்காலம் உள்ள இடத்தில்தான் காடாக நிற்கும். ராணிகேத் சுமார் 1,800 மீட்டர் உயரம். நம் ஊரோ சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தாண்டும், ராத்திரியிலும் புழுக்கம் விடாது. வெயிலைத் தண்ணீர் ஊற்றிச் சமாளிக்கலாம், குளிருக்கு எங்கே போவது? மண்ணிலும் ஒரு சிக்கல் உண்டு. ஓக் வேரோடு சில பூஞ்சைகள் கூடி வாழ்ந்து அதற்குச் சத்து எடுத்துக் கொடுக்கும். அந்தக் கூட்டாளிகள் நம் செம்மண்ணில் கிடைப்பது கஷ்டம்.

ஆனாலும் மகன் தூக்கி வந்ததைக் குப்பையில் போடச் சொல்ல மாட்டேன். தொட்டியில் வளர்த்துப் பாருங்கள். ஆனால் இன்றே ஆரம்பியுங்கள். நெல், உளுந்து போலக் காயவைத்துச் சேமிக்கிற விதை இல்லை இது, காய்ந்தால் செத்துவிடும். ஒரு வாளித் தண்ணீரில் போட்டு, மிதப்பதையும் ஓட்டை விழுந்ததையும் எடுத்துவிடுங்கள். ஓட்டை இருந்தால் உள்ளே வண்டு வேலையை முடித்திருக்கும். மூழ்கியவற்றைப் படுக்கை வாக்கில் ஓர் அங்குல ஆழத்தில் புதையுங்கள். முதலில் ஆணிவேர்தான் கீழே ஓடும், அப்புறம்தான் தளிர். அதனால் அகலத் தொட்டி உதவாது. உயரமான டிரம்மில் அடியில் ஓட்டை போட்டு வையுங்கள். அணில் தோண்டாமல் மேலே கம்பிவலை போடுங்கள். காலை வெயில் போதும், கோடையில் பசுமை நிழல்வலை கட்டாயம். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் மழைநீரைப் பிடித்து ஊற்றுங்கள். மகன் அடுத்த முறை வரும்போது அந்த மரத்தடி இலைமக்கு இரண்டு கை கொண்டுவந்தால் தொட்டியில் கலந்துவிடலாம்.

இடையில் ஒன்று. ஐரோப்பாவில் தோல் பதனிட ஓக் பட்டையைத்தான் காலங்காலமாகப் பயன்படுத்தினார்கள். நம் ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்தில் அதே வேலையை ஆவாரம்பட்டை செய்தது. அந்த ஆவாரை இன்றும் உங்கள் ஊர்க் கரம்பில் யாரும் தண்ணீர் ஊற்றாமல் பூத்துக் கிடக்கிறது.

எட்டு சென்ட் மண்ணுக்கு என் யோசனை இலுப்பை. ‘ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை’ என்ற கணக்கில் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். நம் வறட்சி அதற்குப் பழக்கம், தலைமுறைகளைத் தாண்டி நிற்கும், கொளுத்துகிற மாதங்களில் அடர்ந்த நிழல் தரும். இதன் விதையும் ஓக் மாதிரிதான், சீக்கிரம் முளைப்புத்திறன் போய்விடும். ஆனி, ஆடியில் பழம் விழும்போது பொறுக்கி, சதையை நீக்கிவிட்டு உடனே ஊன்றுங்கள். வளர்ச்சி மெதுவாகத்தான் இருக்கும், அதற்காக உரத்தைக் கொட்ட வேண்டாம். முதல் இரண்டு மூன்று கோடைக்குத் தண்ணீரும் சுற்றிலும் சருகு மூடாக்கும் கொடுத்து, ஆடு கடிக்காமல் வேலி கட்டினால் போதும். காம்பவுண்டுச் சுவரிலிருந்தும் செப்டிக் டேங்கிலிருந்தும் இருபது அடியாவது தள்ளி வையுங்கள்.