தாத்தாவின் உலகப்போர்ப் பதக்கம் மட்டும் மிஞ்சியிருக்கிறது, பிள்ளைகளுக்கு அவரை எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

நீங்கள் வெளிநாட்டில் இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் ஊரில் உயிரோடு இருக்கிற மூத்தவருக்கு இன்றைக்கே போன் எடுத்துத் தாத்தாவைப் பற்றிக் கேளுங்கள். எங்கட வீட்டில் நாங்கள் அதைப் பிந்தித்தான் செய்தோம்.

என் அம்மப்பா சிலோன் கரிசன் ஆட்டிலரி என்ற இலங்கைக் கரையோரப் பீரங்கிப் படையில் இருந்தவர். திருகோணமலையில் கடலைப் பார்த்து வைத்திருந்த ஆறு அங்குலப் பீரங்கிக்குக் குண்டு தூக்கிக் கொடுப்பது அவருடைய வேலை. ஒரு குண்டு நூறு இறாத்தல். எதிரிக் கப்பலுக்காகக் காத்திருந்தார்கள், வந்தது விமானம். கொழும்பில் குண்டு போட்டு நாலு நாள் கழித்து, 1942 ஏப்ரல் 9 காலையில், ஜப்பான்காரர் துறைமுகத்தையும் பக்கத்தில் இருந்த சீனக்குடா விமானத்தளத்தையும் அடித்தார்கள். எண்ணெய்த் தாங்கி ஒன்று நாட்கணக்காய் எரிந்தது. ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கியதும் அன்றைக்குத்தான். கப்பலைச் சுடுகிற பீரங்கியால் வானத்தைச் சுட ஏலாது. "குண்டைக் கையில வச்சுக்கொண்டு அண்ணாந்து பார்த்தம் பிள்ளை" என்பார். எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று நாங்கள் கேட்டால் முகம் மாறிவிடும்.

வெள்ளைக்காரனின் சம்பளத்துக்குப் போனவரை ஏன் கொண்டாட வேண்டும் என்று யாராவது கேட்கலாம். தகப்பன் இல்லாத வீட்டில் மூன்று தங்கச்சிமாருக்கு அந்தச் சம்பளம்தான் சோறு. அரசருக்காகப் போனேன் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. எங்கட மண்ணில் பிறகு நடந்ததை மறந்துவிட்டு இதைப் பேசுகிறேன் என்றும் நினைக்க வேண்டாம். 1990இல் இடம்பெயர்ந்தபோதுதான் அவருடைய பேப்பர்கள் எல்லாம் போயின. பதக்கம் அம்மம்மாவின் வெற்றிலைப் பைக்குள் கிடந்ததால் தப்பியது.

ஒரு பக்கம் அரசரின் தலை, மறுபக்கம் இரட்டைத் தலை டிராகனை மிதித்து நிற்கிற சிங்கம், மேலே 1939, 1945. விளிம்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன், பெயர் இல்லை. பிரித்தானிய அரசு அந்தப் போரின் பதக்கங்களைப் பொதுவாகப் பெயர் பொறிக்காமல்தான் கொடுத்தது. உங்களுடையதிலும் பெரும்பாலும் இருக்காது. அதனால் அவருடைய பெயர், பிரிவு, ஊர், செய்த வேலை எல்லாவற்றையும் ஒரு கடதாசியில் எழுதிப் பதக்கத்தோடு வையுங்கள். மினுக்கவும் வேண்டாம். எங்கட மாமா ஆசையில் புளி போட்டுத் தேய்த்துச் சிங்கத்தின் முகம் மழுங்கிப் போய்விட்டது.

கல்லறையில் கல் கிடைக்குமா என்று தேடி அலையாதீர்கள். நிலாவெளி வீதியில் இருக்கிற போர்க் கல்லறை போன்ற இடங்களைப் பராமரிக்கிற பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணையம், உலகப்போர்க் கணக்கில் 1947 டிசம்பர் 31 வரைக்கும் இறந்தவர்களைத்தான் சேர்க்கும். உயிரோடு வீடு வந்தவர்களுக்குக் குடும்பம்தான் கல் வைக்க வேண்டும்.

ஒவ்வொரு ஏப்ரல் 9ம் நான் திருகோணமலைக் கோட்டைக்குள் போய்க் கடலைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நிற்பேன்.

அம்மாவுக்கு 78 வயது. அவர் சொல்லச் சொல்ல என் மகன் எழுதினான். சாகும்வரை அம்மப்பா இடுப்பு வலியோடு இருந்ததையும், இரவில் அம்மா எண்ணெய் சூடாக்கித் தேய்த்துவிட்டதையும் கட்டாயம் எழுதச் சொன்னார். நூறு இறாத்தல் எவ்வளவு என்று அவன் கேட்டான். சீமெந்துப் பையை விடக் கொஞ்சம் குறைவு என்றேன். பக்கத்து வீட்டில் கட்டட வேலை நடக்கிறது, போய்த் தூக்கிப் பார்த்தான். முழங்காலுக்கு மேலே வரவில்லை. அதையும் எழுதடா என்றார் அம்மா.